ஏசினால் ஓடும் கார்

ஸ்டார்ட் வராத கார் நேர்மையான கார். தன்னால் முடியாது என்று வாசலிலேயே சொல்லிவிடும். பற்றறியைப் பார்க்கலாம், பெற்றோல் வருகிறதா என்று பார்க்கலாம், பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். இழுவை இல்லாத கார் அப்படியல்ல. உடனே ஸ்டார்ட் வரும். சத்தமும் நன்றாக இருக்கும். கராஜைச் சுற்றி ஓட்டினால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீதிக்கு ஏறி அக்சிலேற்றரை அமத்தினால்தான் முனகத் தொடங்கும். அதுவும் உரிமையாளர் ஓட்டும்போது முனகும், மெக்கானிக் ஓட்டும்போது முனகாது. பிறகு உரிமையாளர் எங்களைப் பார்ப்பார், நாங்கள் உரிமையாளரைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் மற்றவர் பொய் சொல்கிறார் என்றுதான் நினைக்கும்.

மன்னார் ரவுணில் ஒரே கராஜில் முப்பத்தாறு வருடம் வேலை செய்துவிட்டுப் போன வருடம் நின்றுவிட்டேன். இப்போது பாப்பாமோட்டையில் அண்ணரோடு வயல் பார்க்கிறேன். வயலைப் பார்ப்பது அவர். நான் வரம்பில் நின்று உழவு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக் கருத்துச் சொல்கிறேன். கராஜில் இருக்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் எடுப்பார்கள். போன மாதம் எடுத்தவர், ஸ்கானரைக் கொழுவிப் பார்த்தும் அது ஒன்றுமே காட்டவில்லை, ஆனால் கார் இழுக்கவில்லை என்றார். நான் வழக்கம்போலக் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"அண்ணை, உந்தக் கேள்வியளை விட்டிட்டு எந்தச் சாமானை மாத்துறதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

அந்தக் கேள்விகள் ஏன் என்று போனில் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன்.

கராஜுக்கு வந்தபோது எனக்கு உழவு இயந்திரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதல் இரண்டு வருடமும் சாமான் கழுவினேன். பிறகு சண்டை. பெற்றோல் இல்லை. காபரேற்றரில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. காருக்குப் பின்னால் அடுப்படி போலப் புகை வரும். அந்த நாட்களில் இழுவை காணாது என்று ஒருவரும் முறையிட்டதில்லை. கார் நகர்ந்தாலே கும்பிட்டார்கள். சமாதானம் வந்து, வழுவழுப்பான காப்பற் வீதி வந்த பிறகுதான் எல்லோருக்கும் இழுவை தேவைப்பட்டது.

எங்கள் முதலாளியை ஊரெல்லாம் மரியதாசன் பாஸ் என்று சொல்லும். நாங்கள் வெறுமனே பாஸ் என்போம். மெலிந்த மனிதர். கழுவிக் கொடியில் போட்ட சேர்ட் எப்படித் தொங்குமோ, அவர் போட்டாலும் அப்படித்தான் தொங்கும். கராஜ் வாசலில் கைபிடி வைத்த மரக் கதிரை ஒன்று, அது அவருடையது. வேறு ஒருவரும் அதில் இருப்பதில்லை. கார் வந்து நின்றால் பொனற்றைத் திறக்க விடமாட்டார். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேட்பார். எப்ப தொடங்கினது? எப்பெப்ப வருது? கடைசியா ஆர் கை வைச்சது? மூன்றுக்கும் பதில் வரும்வரை ஒரு ஸ்பனர்கூட அசையக் கூடாது.

பிறகு ஓட்டிப் பார்ப்பார். அதற்குச் செருப்பைக் கழற்றி வாசலில் விடுவார். வெறும் காலுக்குத்தான் மிதியின் சுபாவம் தெரியும் என்பது அவர் நினைப்பு. வாசலில் செருப்பு கிடந்தால் பாஸ் வீதியில் நிற்கிறார் என்று எதிர்க் கடைக்காரருக்கும் தெரியும். திரும்பி வந்து, ஒரு நாளில் ஒரு சாமான் மட்டும் மாற்ற விடுவார். இரண்டை மாற்றிக் கார் சுகப்பட்டால் எது மருந்தென்று எப்படித் தெரியும் என்று கேட்பார். சரியாக இருக்கிறதென்று அளந்து கண்ட எதையும் திறக்கவும் விடமாட்டார். இது நல்ல சட்டம். இந்தச் சட்டத்தால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன், என் முதல் இழுவைக் கேஸ். ஒரு பேக்கரி வான். நான் அப்போது கொஞ்சம் வேலை தெரிந்த ஆள் என்று எனக்குள் ஒரு எண்ணம். பாஸ் மடு மாதா கோயிலுக்குப் போயிருந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் காபரேற்றரைக் கழற்றினேன். கழுவிப் பூட்டினேன். இழுவை இல்லை. திரும்பவும் கழற்றினேன். இரண்டாம் நாள் பாஸ் வந்தார், வானில் ஏறினார், வெறும் காலால் ஒருமுறை அக்சிலேற்றரை அமத்தினார், குனிந்தார். மிதிக்குக் கீழே நாலாக மடித்த கோணிச் சாக்கு ஒன்று இருந்தது. தரை சுடுகிறதென்று சாரதி போட்டது. மிதி பாதித் தூரம்தான் போயிருக்கிறது. பாஸ் அந்தச் சாக்கைத் தூக்கி என் கையில் தந்தார்.

"கணேஸ், இது காபரேற்றரில எந்த இடம்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஏசியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

இன்னொரு தடவை கீரிக் கடற்கரையோரம் மாதக்கணக்காக நின்ற கார் ஒன்று. எஞ்சினில் பிழை என்று கொண்டுவந்தார்கள். எஞ்சின் அருமையாக இருந்தது. உப்புக் காற்றில் பிறேக் துருப்பிடித்துச் சில்லை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு இழுவைக் கேஸ் எது வந்தாலும் நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளிப் பார்ப்போம். கார் உருண்டால் எஞ்சின் பக்கம் போவோம், உருளாவிட்டால் சில்லுப் பக்கம்.

இனி றெஜியின் கார்.

நான் வேலையை விட நாலைந்து வருடம் இருக்கும்போது அவன் வந்தான். றெஜி கீரிக்காரன், ஐஸ் போடும் இடத்தில் வேலை, கலியாணம் முடித்து ஒரு வருடம்கூட இல்லை. பல கை மாறி வந்த சின்ன ஜப்பான் கார் ஒன்றை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

"பாஸ், கார் இழுக்குதில்லை. நாப்பதுக்கு மேல போகுதில்லை" என்றான்.

பாஸ் கண்ணை மூடினார். "எப்ப தொடங்கினது?"

"வாங்கின நாளிலயிருந்து."

"எப்பெப்ப வருது?"

றெஜி கொஞ்சம் தயங்கினான். "ஞாயிற்றுக்கிழமையில."

பாஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "மற்ற நாளில?"

"ஒரு பிழையும் இல்லை. எண்பதில போகும்."

"ஞாயிறு கடன் திருநாள், வேலை செய்யக் கூடாதெண்டு காருக்கும் தெரியுமோ?" என்று பாஸ் கேட்டார். நாங்கள் சிரித்தோம். றெஜி சிரிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பத்தோடு முள்ளிக்குளம் போவதாகச் சொன்னான். கடைசியாக யார் கை வைத்தது என்ற கேள்விக்கு, தனக்கு முன் வைத்திருந்தவர் யாரிடம் திருத்தினார் என்று தெரியாது என்றான்.

பாஸ் செருப்பைக் கழற்றினார். பாலத்தடிவரை போய் வந்தார். தொண்ணூறில் போனதாம். ஞாயிற்றில் என்ன வித்தியாசம் என்று யோசித்து, பாரமாக இருக்கும் என்றார். பின் பெட்டியில் இரண்டு மூட்டை சீமெந்து ஏற்றிப் பார்த்தோம். எண்பது. தெற்கே போகும்போது எதிரே அடிக்கும் சோளகக் காற்றாக இருக்கும் என்றார். ஒரு புதன்கிழமை நான் காற்றுக்கு எதிரே முள்ளிக்குளம் வரை தனியாக ஓட்டிப் போய்வந்தேன். எண்பது. ஸ்கானரைக் கொழுவினோம். எஞ்சினுக்குப் போதிய பெற்றோல் வரவில்லை என்று ஒரு பழைய பிழையைக் காட்டியது. எப்போது, ஏன் என்று சொல்லவில்லை. எஞ்சின் பக்கத்தில் பெற்றோலின் அமுக்கத்தை அளந்தோம். புதுக் காரில் இருப்பதுபோல இருந்தது. அமுக்கம் சரியென்றால் பெற்றோல் தாங்கியும் பம்பும் சரி. சரியானதைத் திறக்கக் கூடாது. பில்டரை மட்டும் மாற்றி, கார் சரி என்று அனுப்பினோம்.

அடுத்த திங்கள் றெஜி வாசலில் நின்றான். பிளக் மாற்றினோம். சரி என்று அனுப்பினோம். அதற்கடுத்த திங்களும் நின்றான். காற்று வரும் பாதையைக் கழுவினோம், சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று பார்த்தோம். மூன்றாம் தரமும் சரி என்று அனுப்பினோம். பாஸின் கராஜுக்கு ஒரு கார் ஒரே குறையோடு நாலாம் தரம் வந்ததே இல்லை. இது வந்தது. இந்த முறை றெஜியோடு அவனுடைய மாமியும் வந்தார்.

பிலோமினா ரீச்சரை ரவுணில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவர் கணக்குப் படிப்பித்திருக்கிறார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. வகுப்பின் கடைசி வாங்குக்குக் கேட்கவென்று பழக்கிய குரல். பென்சன் எடுத்த பிறகு மகளோடும் மருமகனோடும் கீரியில் இருந்தார். வருகிறவர்களுக்குப் போடும் பிளாஸ்ரிக் கதிரையை அவர் ஒருமுறை பார்த்தார், அதில் இருக்கவில்லை. பாஸ் எழும்பித் தன்னுடைய கதிரையைக் கொடுத்தார். அப்படி நடந்ததை நான் வேறு ஒருநாளும் காணவில்லை. ரீச்சர் இருந்தபோது கதிரை ஒரு தடவை முனகியது.

"பாஸ், உங்கட நேரத்தை வீணாக்க வேண்டாம்" என்றார் ரீச்சர். "காரில பிழையில்லை. பிழை மருமகனிட வலது கால்ல."

பாஸ் கண்ணை மூட மறந்துவிட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும் பாக்கிறன். நாப்பதில போகும். நான் ஏசுவன். உடன எழுபது. ஏசி முடிச்சு அரை மைல் போகாது, திரும்பவும் நாப்பது. திரும்பவும் ஏசுவன், திரும்பவும் எழுபது. முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சனான். ஏசினா மட்டும் ஓடுறது எதெண்டு எனக்குத் தெரியாதோ?"

"மாமி, நான் முழுக்க மிதிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றான் றெஜி. நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"றெஜி, ரீச்சர் ஏசேக்க நீர் என்ன செய்வீர்?" என்று பாஸ் கேட்டார்.

"நான் ஒண்டும் செய்யிறதில்லை பாஸ். கார்தான் செய்யுது."

அந்தப் பதில் எவ்வளவு பலவீனமானது என்று சொன்னவனுக்கே தெரிந்தது. எங்களுடைய பெயின்ற் வேலைக்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் விசயம் சிரிப்பல்ல. முள்ளிக்குளத்தில் ரீச்சரின் அக்கா பாயோடு கிடந்தார். அவரைப் பார்க்கிற பெண் ஞாயிறு பதினொரு மணிக்குத் தன் வீட்டுக்குப் போய்விடுவார். அன்று மத்தியானச் சாப்பாட்டை ரீச்சர்தான் வாயில் தீத்த வேண்டும். நாற்பதில் ஊர்ந்து போனால் நேரம் தப்பிவிடும். ஏசி ஏசி ஓட்டியும் மூன்று ஞாயிறு தப்பிவிட்டது. ரீச்சர் சொல்லிவிட்டார்: அடுத்த ஞாயிறும் இப்படியென்றால் பெட்டியோடு பஸ் ஏறி முள்ளிக்குளத்திலேயே நின்றுவிடுவாராம். றெஜியின் மனைவி சுகந்தி அப்போது ஆறு மாதம். அம்மா போனால் தானும் அம்மாவோடு போவதாகச் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் றெஜி தண்ணீர்ப் பைப்படியில் வைத்து எனக்குச் சொன்னான்.

"நாளைக்கு எனக்குப் பிறக்கிற பிள்ளையும், அப்பா வேணுமெண்டு மெதுவா ஓட்டுறவர் எண்டுதான் அண்ணை நினைக்கும்" என்றான். முகத்தைக் கழுவுவதுபோல நின்றான்.

அவர்கள் போன பிறகு பாஸ் தன் கதிரையில் திரும்பவும் வந்து இருந்தார். "ஞாயிறு நீ போய் ஓட்டு கணேஸ்" என்றார்.

"நீங்கள் வரேல்லையோ பாஸ்?"

"எனக்குப் பூசை. உனக்குக் கோயில் வெள்ளிக்கிழமைதானே."

அவருக்கு ரீச்சரோடு ஒரே காரில் போகப் பயம் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை கீரிக்குப் போனேன். நான் ஓட்டினேன். எனக்குப் பக்கத்தில் இடது முன் சீற்றில் றெஜி. எனக்குப் பின்னால் சுகந்தி. றெஜிக்குப் பின்னால், இடது பக்கத்தில், ரீச்சர். அது அவருடைய நிரந்தர இடமாம், திரும்பி வரும்போது கடற்காற்று வரும் பக்கம். மடியில் அக்காவுக்கான சாப்பாட்டுக் கரியர். ரவுணுக்குள் மெதுவாகப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. பாலம் கடந்து, நீண்ட வீதிக்கு வந்ததும் காலை அமத்தினேன்.

நாற்பது. இன்னும் அமத்தினேன். கார் இரண்டு தரம் உதறியது. நாற்பதிலேயே நின்றது. மிதி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மாமி, அண்ணையிட காலைப் பாருங்கோ" என்றான் றெஜி. அவன் முகத்தில் திருநாள் போல வெளிச்சம். தன் கார் பழுது என்பதற்காக இவ்வளவு சந்தோசப்பட்ட ஒரு உரிமையாளரை நான் கண்டதில்லை.

ரீச்சர் விட்டுக் கொடுக்கவில்லை. முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு கையாலும் றெஜியின் சீற்றைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தலை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது.

"தம்பி கணேஸ், உமக்கும் இவர் சொல்லித் தந்திட்டாரோ? காலை வையும். அங்க ஒரு மனிசி வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்கு."

கார் பாய்ந்தது. ஐம்பது, அறுபது, எழுபது. என் கால் ஒரு நூல்கூட அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கணம் என் காலையே நான் சந்தேகித்தேன். எனக்குத் தெரியாமல் பயத்தில் அமத்திவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். றெஜியின் முகம் அணைந்துவிட்டது.

"கண்டீரோ" என்று சொல்லிவிட்டு ரீச்சர் பின்னுக்குச் சாய்ந்தார். கொஞ்சத் தூரத்தில் திரும்பவும் நாற்பது.

வங்காலை தாண்டியதும் மாட்டுப் பட்டி ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்தது. சடுதியாகப் பிறேக் அடித்தேன். ரீச்சர் முன் சீற்றைப் பிடித்துக்கொண்டார். மாடுகள் ஒவ்வொன்றாக, எந்த அவசரமும் இல்லாமல் போயின. ரீச்சர் முன்னுக்குச் சாய்ந்தபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழி விட்டதும் நான் காரை எடுத்தேன். கார் அம்பு போல அறுபதுக்குப் போனது. இந்தத் தடவை ஒருவரும் யாரையும் ஏசவில்லை. ரீச்சர் மாட்டைப் பார்த்து முடித்து, ஆறுதலாகப் பின்னுக்குச் சாய்ந்தார். கார் உதறியது. நாற்பது.

எனக்குள் ஏதோ திறந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன்.

"ரீச்சர், ஒரு சோதனை செய்யோணும். கோவிக்கப்படாது."

"சோதனையெண்டா செய்யத்தானே வேணும். சொல்லும்."

"இந்த முறை நல்லாப் பின்னுக்குச் சாஞ்சு இருந்துகொண்டு ஏசுங்கோ."

"ஆரை?"

"என்னை ஏசுங்கோ."

காரை எடுத்தேன். ரீச்சர் தொடங்கினார். என்னுடைய சேர்ட்டில் தொடங்கி, மூன்று தரம் சரி என்று சொல்லி அனுப்பிய எங்கள் கராஜுக்கு வந்து, திறக்காமலே சரி என்று சொல்கிறவர்கள் என்று முழுத் தொழிலையும் ஒரு சுற்று வந்தார். ஒரு மைல் தூரம் ஏசினார். நான் அக்சிலேற்றரைத் தரையோடு வைத்திருந்தேன். கார் நாற்பதை விட்டு அசையவில்லை.

"காணும் ரீச்சர். இனி முன்னுக்குச் சாஞ்சு சீற்றைப் பிடியுங்கோ. ஆனா வாயைத் திறக்கப்படாது."

இரண்டாவது சோதனை அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. என்றாலும் செய்தார். எழுபது. எழுபத்தைந்து.

நான் வீதியைப் பார்த்தேன். றெஜி தன் முழங்காலைப் பார்த்தான். சுகந்தி கடலைப் பார்த்தாள், அந்த இடத்தில் கடல் தெரியவே தெரியாது. கணக்கு ரீச்சருக்கு மூன்றாவது சோதனை தேவைப்படவில்லை.

"தம்பி, நிப்பாட்டும்" என்றார்.

அவர் இறங்கி, கரியரைக் கையில் பிடித்தபடி ஒரு மர நிழலில் போய் நின்றார். நான் பின் சீற்றைத் தூக்கினேன். அந்தக் காருக்குப் பெற்றோல் தாங்கி பின் சீற்றுக்குக் கீழே. பம்பை எடுப்பதற்காக அங்கே ஒரு வாய் இருக்கும், அதன் மேல் தகர மூடி ஒன்று இருக்க வேண்டும். மூடியைக் காணவில்லை. முன்பு யாரோ பம்பில் கை வைத்திருக்கிறார். உடைந்த குழாய்க்குப் பதிலாக அளவுக்கு மிஞ்சிய நீளத்தில் றப்பர் ஹோஸ் போட்டிருக்கிறார். அது வளைந்து எழும்பி, சீற்றின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரீச்சர் இருக்கும் பக்கத்துப் பஞ்சு தேய்ந்து, கம்பி வெளியே வந்திருந்தது. ஹோஸில் அந்தக் கம்பியின் தழும்பு அப்படியே பதிந்திருந்தது.

பாரமான ஒருவர் இடது பக்கத்தில் பின்னுக்குச் சாய்ந்து இருந்தால் கம்பி ஹோஸை நசிக்கும். இளநீர் குடிக்கும் குழாயை விரலால் நசித்துக்கொண்டு உறிஞ்சுவது போலத்தான். மெதுவாகக் குடித்தால் வரும், அவசரமாகக் குடித்தால் வராது. எஞ்சினும் நாற்பது வரைக்கும் குடித்தது, அதற்குமேல் தவித்தது. அவர் ஏசுவதற்கு முன்னுக்குச் சாய்ந்ததும் குழாய் விட்டுவிடும். சீமெந்து மூட்டையை நாங்கள் பின் பெட்டியில் ஏற்றினோம். சீற்றில் ஏற்றவில்லை. அமுக்கத்தை வெறும் காரில் அளந்தோம்.

கண்டுபிடித்தாயிற்று. இதை ரீச்சரிடம் எப்படிச் சொல்வது? கராஜில் இருந்த அத்தனை வருடத்திலும் அந்தப் பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சீற்றின்ர பஞ்சு பழுது ரீச்சர்" என்றேன். "ஆர் இருந்தாலும் இப்பிடித்தான்."

"ஆர் இருந்தாலுமோ?"

"ஓம்."

"தம்பி, எனக்குக் கணக்குத் தெரியும்."

அப்போது றெஜி கிட்டே வந்தான். மூன்று மாதம் அவன் பட்ட ஏச்சுக்கு, அந்த இடத்தில் அவன் என்ன சொல்லியிருந்தாலும் நான் பிழை சொல்லியிருக்க மாட்டேன்.

"பழைய கார் மாமி. பாத்து வாங்காதது என்ர பிழை" என்றான்.

ரீச்சர் அவனை நிறைய நேரம் பார்த்தார். கரியரை அவன் கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலை பெரிதல்ல, ஆனால் கவனம் வேண்டும். முதலில் பம்பின் வயர் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டேன், குழாய்க்குள் அமுக்கம் போகட்டும் என்று. அதைச் செய்யாமல் ஹோஸைக் கழற்றினால் பெற்றோல் முகத்தில் அடிக்கும். பிறகு ஹோஸை வேண்டிய அளவுக்கு வெட்டி, தாழ்வாகப் படுக்க வைத்து, கிளிப்பை இறுக்கினேன். பின் பெட்டியில் கிடந்த பலகைத் துண்டை வாய்க்குப் பக்கத்தில், சீற்றைத் தாங்கும்படி அண்டையாக வைத்து, சீற்றைப் பூட்டினேன். அரை மணித்தியாலம் பிடிக்கவில்லை.

"ஏறுங்கோ ரீச்சர்" என்றேன்.

சுகந்தி இடம் மாறவா என்று கேட்டாள். ரீச்சர் வேண்டாம் என்று தன் இடத்திலேயே ஏறி, நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்து இருந்தார். எங்களைச் சோதிக்கிற மாதிரி இருந்தது. நான் காலை அமத்தினேன். ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. அரிப்பு தாண்டியது தெரியவில்லை. சிலாவத்துறை தாண்டியது தெரியவில்லை. பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. அது ரீச்சருடையது என்று உடனே எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் மெதுவா ஓடும்."

முதலில் சிரித்தது சுகந்தி. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு றெஜி. பிறகு, சீற் குலுங்கக் குலுங்க, ரீச்சர். அந்தக் குலுக்கத்திலும் கார் எண்பதை விடவில்லை. பதினொரு மணிக்கு முன் முள்ளிக்குளத்தில் நின்றோம். ரீச்சர் கரியரோடு உள்ளே போய், அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்துச் சாப்பாடு தீத்துவதை வாசலிலிருந்து கண்டேன்.

திங்கள் காலை காரைக் கராஜுக்குக் கொண்டுவந்து, பாஸிடம் முழுவதையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் புகழ்ச்சியை எதிர்பார்த்தேன்.

"வெட்டினது காணாது. முதலிருந்த நீளத்தில ஒரு ஹோஸ் வெட்டி அப்பிடியே போடு" என்றார். "வருத்தத்தைத் திரும்ப வர வைச்சுக் காட்டு. அப்பதான் நம்புவன்."

பலகையை எடுத்துவிட்டு அப்படியே போட்டேன். ரீச்சருக்கு ஈடாகப் பெயின்ற் வேலைக்காரரையும் வெல்டிங் செய்கிறவரையும் இடது பக்கத்தில் ஒருவர் மடியில் ஒருவராக இருத்தினோம். பாஸ் செருப்பைக் கழற்றினார். பாலத்தடியில் கார் நாற்பதில் நின்றது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது.

"மூண்டு தரம் சரியெண்டு சொல்லி அனுப்பினனான்" என்றார்.

சரியான குழாய், தகர மூடி, புதுப் பஞ்சு எல்லாம் போட்ட பிறகு, வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு தானே காரைக் கீரிக்குக் கொண்டுபோனார். என்னையும் கூட்டிப் போனார். வழியில் உதடு அசைந்துகொண்டே வந்தது. செபம் என்று நினைத்தேன். சொல்லப் போவதைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ரீச்சர் விறாந்தையில் இருந்தார். பாஸ் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"ரீச்சர், எப்பவெண்டு கேட்டனான், ஆர் கை வைச்சதெண்டும் கேட்டனான். காருக்குள்ள ஆர் எங்க இருக்கிறதெண்டு கேக்கேல்ல. அது என்ர பிழை. மருமகனில பிழையில்லை."

"மூண்டு கேள்வி கேட்டு நாலாவதை விட்டா எத்தினை புள்ளி?" என்று கேட்டார் ரீச்சர்.

பாஸ் யோசித்தார். "எழுபத்தைஞ்சு."

"அது பள்ளிக்கூடத்தில. இந்த வீட்டில பூச்சியம். இருங்கோ, தேத்தண்ணி வருது."

பாஸ் இருந்தார். ஒரு மணித்தியாலம் இருந்தார். அன்றிலிருந்து கராஜில் நாலு கேள்வி. போனில் சலித்துக்கொண்டவருக்கு நான் கேட்டதும் அந்த நாலும்தான். அவர் பொறுமையில்லாமல் வைத்துவிட்டார். அந்தக் கார் இன்னும் கராஜில் நிற்கிறதாகக் கேள்வி.

றெஜியின் கார் அதற்குப் பிறகு எங்களிடம் ஒயில் மாற்றத்தான் வந்தது. ரீச்சர் பெட்டி கட்டவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், நான் ஒரு லொறிக்குக் கீழே கிடந்தபோது போன் அடித்தது. றெஜி. ஆஸ்பத்திரியிலிருந்து.

"அண்ணை, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்."

"நல்ல விசயம். கார் இழுத்ததோ?"

"கீரியிலயிருந்து எப்பிடி வந்து சேந்ததெண்டே தெரியாது."

"ரீச்சர்?"

"பின் சீற்றிலதான், சுகந்தியைப் பிடிச்சுக்கொண்டு. வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தவா."

எனக்கு மனம் சோர்ந்துவிட்டது. நாங்கள் திருத்தியது ஹோஸை மட்டும்தானா என்று நினைத்தேன்.

"உம்மையோ?" என்று கேட்டேன்.

"இல்லையண்ணை" என்றான் றெஜி. "முன்னுக்குப் போன பஸ்காரனை."